மட்டையைக் கீழே வைக்கும் நாளில் மகள் கடன்காரியாக நிற்கக்கூடாது

பேராக், சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கணவர் செம்பனைத் தோட்டத்தில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோர். அடுத்த ஆண்டு அவருக்கு 55 வயதாகிறது. இவர் டவுனில் காலையில் தோசைக்கடை போடுகிறார். மூத்த மகளுக்கு 21 வயது, மகன் ஐந்தாம் படிவம். தோட்டத்துக் கிளப்புக்குப் பின்னால் துரைமார் காலத்து சிமெண்டு டென்னிஸ் திடல் ஒன்று இருக்கிறதாம். தாத்தா சுண்ணாம்பில் கோடு போட்டுக் கொடுக்க, விரிசலில் புல் முளைத்த அந்தத் திடலில்தான் மகள் ஒன்பது வயதில் பந்தடிக்கத் தொடங்கியிருக்கிறாள். மாவட்டம், மாநிலம், தேசியப் பள்ளிகள் அளவிலான எம்.எஸ்.எஸ்.எம். என்று ஏறி, பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும் முழுநேர ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். உலகத் தரவரிசையில் 780 வரை போனவள், கணுக்கால் காயத்துக்குப் பிறகு இப்போது 870-இல் நிற்கிறாள். பெரும்பாலும் தாய்லாந்தில் ஆடுகிறாள். இரண்டு முறை துனிசியாவும் போய் வந்திருக்கிறாள்.

கோலாலம்பூர்த் தொழிலதிபர் ஒருவர் ஒரு அகாடமி மூலமாக இரண்டு ஆண்டுகளுக்கு 1,50,000 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகச் சொல்கிறார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் 14 பக்கம். பரிசுப் பணத்தில் 30 விழுக்காடு பத்து ஆண்டுகளுக்கு அவருக்கு. இரண்டு ஆண்டு முடிவில் 500-க்குள் வராவிட்டாலோ, ஐந்து ஆண்டுக்குள் ஆட்டத்தை நிறுத்தினாலோ, முழுப் பணத்தையும் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியோடு திருப்ப வேண்டும். நடுவில் முறித்தால் இரண்டு இலட்சம் வெள்ளி இழப்பீடு. விலகிய பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு வேறு எந்த அகாடமியிலும் பயிற்சி கொடுக்கக்கூடாது. பெற்றோர் பிணை, வீட்டு உரிமைப் பத்திரமான கிராண்டும் கொடுத்து வைக்க வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். பணம் திருப்பும் விவரம் மகளுக்கு இன்னும் தெரியாது. "மனசு உடைஞ்சிடுவா, அதனால சொல்லல" என்று எழுதியிருக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் இன்னொன்று: தாய்லாந்துப் போட்டியின்போது யாரோ ஒருவன் இன்ஸ்டாகிராமில், "இரண்டாவது செட்டை விட்டுக்கொடு, 2,000 டாலர் தருகிறேன்" என்று அனுப்பியிருக்கிறான். மகள் அதை அழித்துவிட்டு ஆளையும் தடுத்துவிட்டாள். நடந்து ஒரு மாதம் ஆகிறது.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்டது ஒப்பந்தத்தைப் பற்றி. நான் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம்.

அந்தச் செய்தியை அழித்தது போதாது

உங்கள் மகள் பணத்துக்கு மயங்கவில்லை, பதில்கூடப் போடவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் "நாம் ஒன்றும் தப்புச் செய்யவில்லை, அதோடு முடிந்தது" என்று நீங்கள் நினைப்பது சரியில்லை. தொழில்முறை டென்னிஸ் ஆடுகிற ஒவ்வொருவரும் ஊழல் தடுப்பு விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். யாராவது ஆட்டத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி அணுகினால், அதைக் கூடிய சீக்கிரம் அனைத்துலக டென்னிஸ் நேர்மை முகமையிடம் தெரிவிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டாலும், அணுகியதை மறைத்தது தனிக் குற்றமாகவே எண்ணப்படும். இந்த விதிகளின்படி விளையாட்டு வீரருக்கு வாழ்நாள் தடையும், 2,50,000 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. மறைத்ததற்கு மட்டும் அவ்வளவு வராது என்றாலும், சில மாதத் தடைகூட 870-இல் இருக்கும் பெண்ணின் ஆண்டையே காலி செய்துவிடும்.

இந்த மாதிரிச் செய்திகள் ஏன் பெரிய நட்சத்திரங்களை விட்டுவிட்டு உங்கள் மகளைத் தேடி வருகின்றன? சிறு போட்டிகளின் ஸ்கோரும் நேரடியாகப் பந்தயத் தளங்களுக்குப் போகிறது. ஆடுகிறவர்கள் கையில் பணம் இல்லை. டென்னிஸ் நேர்மை பற்றி 2018-இல் வெளிவந்த சுயேச்சை ஆய்வுக்குழுவின் அறிக்கை இந்த இரண்டையும் சேர்த்தே சுட்டிக்காட்டியது. உங்கள் மகளுக்கு வந்ததைப் போல இன்னும் வரும். தோற்ற நாளில் பந்தயக்காரர்களின் வசைச் செய்திகளும் வரும். அவற்றையும் அழிக்காமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது இது. மகள் தன் கைப்பட, தன் மின்னஞ்சலிலிருந்து முகமைக்கு எழுதட்டும். எந்த ஊர், எந்தப் போட்டி, எந்தத் தேதி, அந்தக் கணக்கின் பெயர் நினைவிருந்தால் அது, என்ன கேட்டான், தான் என்ன செய்தாள் என்று எழுதினால் போதும். ஏன் தாமதம் என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும்: பயந்துபோய் அழித்தேன், தெரிவிக்க வேண்டும் என்பது இப்போதுதான் தெரிந்தது. நீங்களோ பயிற்சியாளரோ அவளுக்குப் பதிலாக எழுத வேண்டாம். வீட்டில் யாராவது டென்னிஸ் மீது பந்தயம் கட்டுகிற பழக்கம் இருந்தால், சித்தப்பாவோ மாமாவோ, அவர்களிடம் காயம், ஃபார்ம் பற்றி அவள் பேசவே கூடாது. அவளே எந்த டென்னிஸ் ஆட்டத்தின் மீதும் ஐந்து வெள்ளிகூடக் கட்டக்கூடாது.

சரி, இப்போது ஒப்பந்தம்.

இது ஸ்பான்சரா, கடனா?

உங்கள் கடிதம் முழுக்க "ஸ்பான்சர்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன விதிகளைப் படித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்பான்சர் என்றால், பணம் கொடுக்கிறவரும் மகள் தோற்கக்கூடும் என்ற ஆபத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறார் என்று பொருள். இங்கே அவர் எந்த ஆபத்தையும் எடுக்கவில்லை. மகள் ஜெயித்தால் பத்து ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு. ஜெயிக்காவிட்டால் அசலும் வட்டியும். ஒன்றரை இலட்சத்துக்கு 15 விழுக்காடு என்றால், கூட்டு வட்டி போடாமலே, இரண்டு ஆண்டில் 45,000 வெள்ளி. ஆக 1,95,000 வெள்ளி. கணுக்கால் இன்னொரு முறை பிசகினால் அந்தத் தொகை உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். இது பிணையோடு கூடிய வட்டிக் கடன், சகோதரி. பெயர்தான் வேறு.

கடைக்கு வருகிற ஒருவர், "ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டவில்லை என்றால் செல்லாது, பிறகு தப்பித்துக்கொள்ளலாம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம்பாதீர்கள். முத்திரை இல்லாத ஆவணத்தை அப்படியே நீதிமன்றத்தில் சான்றாக வைக்க முடியாது, அவ்வளவுதான். தாமத அபராதத்தோடு முத்திரை வரியைக் கட்டிவிட்டு அதே தாளைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதேபோல, "உரிமம் இல்லாமல் வட்டிக்குக் கொடுப்பது சட்டவிரோதம், அதனால் கட்ட வேண்டியதில்லை" என்று வேறு யாரோ தைரியம் சொல்லியிருக்கிறார்கள். 1951-ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டப்படி உரிமம் இல்லாத வட்டித் தொழிலாளி கொடுத்த கடனை நீதிமன்றம் வசூலித்துக் கொடுக்காது என்பது உண்மை. ஆனால் எதிர்த்தரப்பு, "நான் வட்டித் தொழில் செய்யவில்லை, ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு முதலீடு போட்டேன்" என்று வாதாடும். அதற்கு ஆண்டுக்கணக்கில் வழக்கு நடக்கும். பின்னால் வழக்கில் ஜெயிக்கலாம் என்று எண்ணிக்கொண்டு இன்று கையெழுத்துப் போடுவது விவேகமில்லை.

கணவர் கையெழுத்துப் போட்டால் மகளுக்கும் சேர்த்துச் செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். செல்லாது. மலேசியாவில் 18 வயது நிறைந்தவர் தன் ஒப்பந்தத்துக்குத் தானே பொறுப்பு. அப்பா போடும் கையெழுத்து அப்பாவைத்தான் கட்டும். மகளைக் கட்ட வேண்டுமென்றால் அவளே படித்து, புரிந்து, கையெழுத்திட வேண்டும். பணம் திருப்பும் விதியை அவளிடம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது. பதினேழு மணி நேரம் விமானத்திலும் விமான நிலையத்திலும் தனியாகக் கிடந்து துனிசியாவுக்குப் போய் ஆடிவிட்டு வந்த பெண் அவள். வீட்டுக் கிராண்ட் அடகில் இருப்பதை மூன்றாம் ஆண்டில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட, இன்று இரவு உங்கள் சமையலறையில் உட்கார்ந்து தெரிந்துகொள்வதை அவள் தாங்குவாள்.

இனி விதிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பயிற்சி கொடுக்கக்கூடாது என்ற ஐந்து ஆண்டுத் தடை, நம் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி செல்லாது என்பது என் கருத்து. ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் விதியை நம் சட்டம் மிகச் சில விலக்குகளோடு நிராகரிக்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது விதிக்கும் கட்டுப்பாடு வேறு; அது பொதுவாகச் செல்லும். ஆட்டம் முடிந்த பிறகு பயிற்சிதான் பெரும்பாலான வீராங்கனைகளுக்குச் சோறு. அந்த விதியை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று விடாமல், இப்போதே அடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு இலட்சம் வெள்ளி இழப்பீடு: 75-ஆவது பிரிவின்படி, எழுதிய தொகையை உச்சமாகக் கொண்டு நியாயமான இழப்பீட்டை நீதிமன்றம் தீர்மானிக்கும். ஆனால் 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, அந்தத் தொகை மிதமிஞ்சியது என்று காட்ட வேண்டிய சுமை ஒப்பந்தத்தை மீறியவர் மேல் விழுகிறது. அதாவது உங்கள் மகள் மேல். "எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், கோர்ட் குறைத்துவிடும்" என்ற பேச்சு இப்போது அவ்வளவு சுலபமாக எடுபடாது.

30 விழுக்காடு எதில்? நீங்கள் அனுப்பிய பகுதியில், செலவும் வரியும் கழிக்கும் முன் உள்ள மொத்தப் பரிசில் என்று இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மகள் ஆடும், பெண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளில் ஆகக் கீழ்நிலையான டபிள்யூ15 போட்டியின் மொத்தப் பரிசு 15,000 டாலர். அது ஒற்றையர், இரட்டையர் எல்லோருக்கும் பங்காகிறது. ஒற்றையர் பட்டத்தையே வென்றாலும் கைக்கு வருவது சுமார் 2,000 டாலர். அதில் 600 ஸ்பான்சருக்கு. போட்டி நடக்கும் நாட்டு வரி ஒரு 300 என்று வைப்போம். விமானம், ஒரு வார ஓட்டல், சாப்பாடு, மட்டை நரம்பு மாற்றும் செலவு எல்லாம் போனால் மிச்சம் இருநூறோ முந்நூறோ டாலர்தான். இது பிரதானச் சுற்றின் 32 பேரில் ஒருத்திக்கு, அவள் ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த வாரத்தில் கிடைப்பது. முதல் சுற்றில் தோற்றவளுக்கு 200 டாலருக்கும் குறைவு. தகுதிச் சுற்றில் தோற்றவளுக்கு ஒன்றுமே இல்லை. அந்த வாரங்களிலும் ஓட்டல்காரன் காசு வாங்காமல் விடமாட்டான்.

"இது வழக்கமான ஒப்பந்தம்தான், எல்லோரும் போடுகிறார்கள்" என்று ஒரு வழக்கறிஞர் சொன்னாராம். அவர் பணம் கொடுப்பவரின் வழக்கறிஞர். அவர் கட்சிக்காரருக்கு நல்லதைச் செய்வது அவர் கடமை. உங்கள் மகளுக்கென்று தனியாக ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும்.

870 என்ற எண் என்ன சொல்கிறது

"உலகத்தில் 870-ஆவது ஆள் என்றால் ஏதாவது மாதச் சம்பளம் இருக்கத்தானே வேண்டும்" என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. உலகத்தின் 870-ஆவது மருத்துவர் என்று ஒருவர் இருந்தால் அவர் பங்களா கட்டியிருப்பார். டென்னிஸில் சம்பளம் என்று எதுவும் கிடையாது. ஜெயித்தால் பரிசு, மற்றதெல்லாம் கைக்காசு.

அனைத்துலக டென்னிஸ் சம்மேளனமே இதை ஆராய்ந்து ஒரு கணக்குப் போட்டது. 2013-ஆம் ஆண்டு விவரப்படி, ஒரு பெண் தொழில்முறையாக ஆட ஆகும் சராசரி ஆண்டுச் செலவு 40,180 டாலர், பயிற்சியாளருக்குக் கொடுப்பது சேராமல். பரிசுப் பணமும் செலவும் சரிக்குச் சரியாகும் இடம் பெண்களில் 253-ஆவது நிலை. அந்த ஆண்டு தொழில்முறைப் போட்டிகளில் ஆடியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை. அன்றைய அந்தச் செலவே இன்றைய மாற்று விகிதத்தில் ஒன்றரை இலட்சம் வெள்ளியைத் தாண்டும். உங்கள் மகள் அறையைப் பகிர்ந்து, பக்கத்து நாடுகளிலேயே ஆடிச் சிக்கனமாக ஓட்டலாம். அப்படியும் இரண்டு ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் என்பது போதுமான தொகை இல்லை. பாதிக் கிணறு தாண்ட வைத்துவிட்டு முழுக் கிணற்றுக்கும் வட்டி கேட்கிற ஏற்பாடு இது.

பெரிய போட்டிகளின் பணம் எங்கே தொடங்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 35,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. பிரதானச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 1,32,000. ஆனால் அந்தத் தகுதிச் சுற்றுக்குள் நுழையவே ஏறத்தாழ 230-க்குள் இருக்க வேண்டும். 870-க்கும் 230-க்கும் நடுவில் இருப்பது டபிள்யூ35, டபிள்யூ50, டபிள்யூ75 போட்டிகள். பெயரிலுள்ள எண்தான் பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி. எந்தப் புள்ளியும் 52 வாரம்தான் உயிரோடிருக்கும். போன ஆண்டு இதே வாரம் ஜெயித்தது இந்த ஆண்டு இதே வாரம் கழன்றுவிடும். காயத்தால் நான்கு மாதம் உட்கார்ந்தபோது மகள் 90 இடம் பின்தங்கியது அதனால்தான். ஆட்டம் மறந்துபோனதால் இல்லை. இப்படித் தானாகவே இறங்கும் ஒரு எண்ணை வைத்து, "500-க்குள் வராவிட்டால் பணத்தைத் திருப்பு" என்று எழுதுவது எவ்வளவு அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

2017-இல் மகளைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போய் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி மலேசிய ஓபன் வென்றதைக் காட்டினீர்கள் என்று எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. "அவளும் தகுதிச் சுற்றிலிருந்து வந்தவள்தானே" என்கிறீர்கள். உண்மை, தகுதிச் சுற்றில் தொடங்கித் தன் முதல் ஒற்றையர் பட்டத்தை அங்கேதான் வென்றார். 2019-இல் உலக முதலிடம் வந்தார். ஆனால் அவர் அடியோடு அறிமுகமற்றவராக வந்து ஜெயித்தவர் இல்லை. 2011-இலேயே விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றவர். அதைவிட முக்கியம், 18 வயதில் ஆட்டம் போதும் என்று தோன்றியபோது மட்டையை வைத்துவிட்டுப் போனார். ஒன்றரை ஆண்டுபோல விலகியிருந்து கிரிக்கெட்டும் ஆடினார். மனம் தெளிந்த பிறகு திரும்பி வந்தார். உங்கள் மகளுக்கும் அந்தச் சுதந்திரம் வேண்டும். நிறுத்தினால் கடன், தொடர்ந்தால் காயம் என்று ஒரு 21 வயதுப் பெண்ணை மாட்டி வைக்கும் தாளில் நீங்கள் சாட்சிக் கையெழுத்துக்கூடப் போடக்கூடாது.

வீடும் சேமநிதியும்

பிணை என்பது சம்பிரதாயக் கையெழுத்து இல்லை. மகள் எவ்வளவுக்குப் பொறுப்போ அவ்வளவுக்கும் நீங்கள் பொறுப்பு. பணம் கொடுத்தவர் மகளை முதலில் துரத்த வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. நேராக உங்கள் கணவர் மேல் வழக்குப் போடலாம். கடன் ஒரு இலட்சம் வெள்ளியை எட்டினால் திவால் நடவடிக்கை வரை கொண்டுபோகச் சட்டம் இடம் கொடுக்கிறது. படிப்புக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு 2017-க்குப் பிறகு ஒரு பாதுகாப்பு வந்தது. டென்னிஸ் ஒப்பந்தத்துக்கு அது பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள்.

கிராண்டைக் கையில் கொடுப்பதை நீங்கள் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்: "சும்மா வெச்சிருப்பாங்களாம்". கிராண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு அதன் மேல் உரிமைத் தடை பதிவு செய்ய நில அலுவலகத்தில் வழி இருக்கிறது. தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தால் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். தோட்ட வீட்டை விட்டு வெளியேறும்போது போக ஓர் இடம் இல்லாமல் தவித்த குடும்பங்களை நம் வட்டாரத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உங்கள் மாமனார் காலத்தில் இல்லாத சொந்த வீடு உங்களுக்கு இருக்கிறது. அதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே கொடுக்காதீர்கள்.

கணவரின் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை 55-இல் முழுதாக எடுத்து மகளுக்குப் போடலாமா என்ற கேள்விக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். எடுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதுவரை வேலை செய்தாலும், அதற்குப் பிறகு அந்தச் சேமிப்பை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அடுத்த ஆண்டு மகனுக்கும் படிப்புச் செலவு வரும். "அவள் ஜெயித்ததும் திருப்பிப் போட்டுவிடுவாள்" என்ற வாக்கியம் உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. அதைப் படிக்கிற மகளுக்கு சர்வீஸில் செய்யும் ஒவ்வொரு இரட்டைத் தவறும் அப்பாவின் பணமாகத் தெரியும். அந்த மனநிலையில் யாராலும் நன்றாக ஆட முடியாது.

கொடுக்க வேண்டும் என்று மனம் கேட்டால், போனாலும் குடும்பம் தாங்கும் என்ற ஒரு தொகையை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். அதைப் பரிசாகக் கொடுங்கள், திரும்ப எதிர்பார்க்காமல். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேறு என்ன செய்யலாம்

தொழிலதிபரிடம் கதவைச் சாத்த வேண்டியதில்லை. உண்மையாகவே உதவ நினைப்பவராக இருந்தால் திருத்தத்துக்கு ஒத்துக்கொள்வார். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: கொடுக்கும் பணம் உதவித்தொகை, எந்த நிலையிலும் திருப்ப வேண்டியதில்லை. பங்கு வேண்டுமென்றால், செலவும் வரியும் போன நிகரத்தில், ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டிய பிறகு மட்டும். மொத்தத்தில் அவர் கொடுத்த தொகையை எட்டியதும் பங்கு நின்றுவிட வேண்டும். காலம் இரண்டு ஆண்டு. காயத்தாலோ சொந்த முடிவாலோ நிறுத்தினால் ஒப்பந்தம் அத்துடன் முடியும், யாரும் யாருக்கும் பாக்கியில்லை. பிணை கிடையாது, கிராண்ட் கிடையாது. பதிலுக்கு மகள் அவர் நிறுவனத்தின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொள்வாள், பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவாள், மாதா மாதம் செலவுக் கணக்குக் காட்டுவாள். இதற்கு அவர் மறுத்தால், அவர் மனதில் இருந்தது என்ன என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். "மாதக் கடைசி" என்ற கெடு அவர் வைத்தது. சட்டம் வைத்தது இல்லை. வாட்ஸ்அப்பில் "சரி, சம்மதம்" என்று எதுவும் அனுப்பிவிடாதீர்கள். எழுத்தில் கையெழுத்து இல்லாவிட்டாலும் செய்திகளை வைத்தே ஒப்பந்தம் இருந்ததாக வாதாட முடியும். "வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறோம்" என்று மட்டும் போடுங்கள்.

ஊரிலிருந்தே திரட்டலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. சுங்கை சிப்புட்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில்தான் தோட்டங்களை வாங்கியது. நூறு பேர் மாதம் இருபது வெள்ளி கொடுத்தால் ஆண்டுக்கு 24,000. கோவில் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம், டவுன் வியாபாரிகள் யாரிடமும் கேட்கலாம். தனி வங்கிக் கணக்கு, மூன்று பேர் பொறுப்பு, "இது நன்கொடை" என்று எழுத்தில் ஒரு வரி. ஒரே ஒரு எச்சரிக்கை: வீடு வீடாகவோ தெருவிலோ வசூல் செய்ய 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். உண்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

மகளிடம் அவள் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு பேச வேண்டியவை சில. இரட்டையரில் தீவிரமாக இறங்கலாமா என்று கேளுங்கள். செலவு அதே வாரச் செலவுதான், வருமானம் கூடுதல். 2012-இல் கோலாலம்பூரில் ஒற்றையர் பட்டம் வென்ற தைவானின் ஷியே சு-வெய் பிறகு இரட்டையரில் உலக முதலிடம் வந்தவர். ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளில் கிளப் அணிகளுக்கு இடையிலான போட்டிகள் உண்டு; ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். தரவரிசையில் கீழே இருக்கும் பலர் அதில்தான் ஆண்டை ஓட்டுகிறார்கள். 2027-இல் தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டி மலேசியாவில் நடக்கிறது. தேசிய அணித் தேர்வில் அவள் பெயர் வருமா என்பதை டென்னிஸ் சங்கத்திடமும் தேசிய விளையாட்டு மன்றத்திடமும் எழுதிக் கேட்கட்டும். வந்தால் பயிற்சி, சிகிச்சைச் செலவின் ஒரு பகுதி குறையும்.

அமெரிக்கக் கல்லூரி உபகாரச் சம்பளம் பற்றி ஒரு ஏஜெண்ட் பேசியதாகச் சொன்னீர்கள். அது நல்ல பாதைதான். டேனியல் காலின்ஸ், எம்மா நவாரோ இருவரும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி, கல்லூரிச் சாம்பியன்களாகிப் பிறகு தொழில்முறைக்கு வந்தவர்கள். ஆனால் மகள் எஸ்.பி.எம். முடித்து நான்கு ஆண்டாகிறது. பள்ளி முடித்தபின் போட்டிகளில் ஆடிய காலம் கல்லூரி ஆட்டத் தகுதியைக் குறைக்கும், வாங்கிய பரிசுப் பணத்தையும் பார்ப்பார்கள், விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. முழு நான்கு ஆண்டு கிடைக்கும் என்று ஏஜெண்ட் சொன்னால் நம்ப வேண்டாம். எத்தனை ஆண்டு ஆடலாம் என்பதை அந்தக் கல்லூரியே எழுத்தில் சொல்ல வேண்டும். அதுவரை ஏஜெண்டுக்கு ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகளின் கணுக்காலுக்கு ஊரில் ஒரு வைத்தியர் கொடுத்த லேகியத்தைச் சாப்பிடுகிறாள் என்று ஒரு வரி இருந்தது. வைத்தியரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஊக்கமருந்துச் சோதனையில் ஏதாவது தென்பட்டால், எப்படி உடம்புக்குள் வந்தது என்று விளக்க வேண்டியது அவள்தான். "அம்மா கொடுத்தார்" என்பது எடுபடாது. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதப்படாத எதையும் நிறுத்திவிட்டு, விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எவ்வளவு காலம் முயல்வது என்பதை நான் சொல்ல முடியாது. அதை உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும். ஆனால் தரவரிசை எண்ணை எல்லையாக வைக்காதீர்கள்; கையில் இருக்கும் பணத்தையும் உடம்பையும் வைத்து முடிவெடுங்கள். "இந்தக் கணக்கில் உள்ள பணம் தீரும் வரை, கணுக்கால் ஒத்துழைக்கும் வரை" என்று அவளே ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். அந்தத் தாளுக்கு வட்டி கிடையாது.

14 பக்க ஒப்பந்தத்தின் முழு நகல், வாட்ஸ்அப் உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட், மகளின் கடந்த இரண்டு ஆண்டு வரவு செலவு, மூன்றையும் எடுத்துக்கொண்டு ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ அரசாங்கச் சட்ட உதவித் துறைக்கோ போங்கள். வருமான வரம்பு பார்ப்பார்கள். சம்பளச் சீட்டும் அடையாள அட்டையும் வேண்டும். மகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். அவளை முன்னால் உட்கார வைத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் இருங்கள்.